உதடு ஒட்டாத நாட்கள்

வாய் கொப்பளித்த தண்ணீர், நான் துப்புவதற்கு முன்பே வலது கடைவாய் வழியாக ஒழுகிச் சட்டையை நனைத்தது. தூக்கக் கலக்கம் என்று நினைத்து இன்னொரு மிடறு எடுத்தேன். அதுவும் அப்படியே வழிந்தது. முந்தின நாள் முழுக்க வலது காதுக்குப் பின்னால் ஒரு வலி இருந்தது. இரவுச் சாப்பாட்டில் சம்பலுக்கு உப்பே இல்லை என்று கணவரிடம் குறைப்பட்டுக்கொண்டேன். பீங்கான்களைக் கழுவிய சத்தம் தாங்க முடியாமல் காதைப் பொத்திக்கொண்டேன். இவையெல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்தவை என்று எனக்கு எப்படித் தெரியும்?

குசினிக்குள் போனேன். என் கணவர் கணேசன் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்து பார்த்து அவரும் சிரித்தார்.

"என்ன புள்ள, காலங்காத்தால ஒரு பக்கமா சிரிக்கிற?"

"நான் சிரிக்கலங்க" என்றேன். என் காதுக்கே அது யாரோ பேசுவதுபோல் கேட்டது. அவர் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

கண்ணாடியில் பார்த்தேன். இடது பாதி என்னுடையது. வலது பாதியில் நெற்றிச் சுருக்கம் இல்லை. புருவம் இறங்கியிருந்தது, கன்னம் தொங்கியிருந்தது. கண்ணை மூடினேன். இடது கண் மட்டும் மூடியது. வலது கண் திறந்தபடியே மேலே செருகி, வெள்ளை விழியைக் காட்டியது. அப்போதுதான் பயந்தேன். என் அப்பா மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்தில் பாரிசவாதம் வந்து விழுந்து, ஆறு வருஷம் படுக்கையிலேயே கிடந்து போனவர். அவருக்கும் முதலில் வாய்தான் கோணியது. கண்ணாடி முன் நின்ற அந்தக் காலையில் எனக்கு நாற்பத்து நாலு வயது.

கட்டுகஸ்தோட்டையிலிருந்து கண்டி பெரியாஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போனோம். அவர் என் வலது கையைப் பிடித்து, "இறுக்கிப் புடி பாப்பம்" என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தார். நான் இறுக்கிப் பிடித்தேன். "இன்னும் இறுக்கிப் புடி" என்றார். மாநகர சபையில் தண்ணீர்க் குழாய் திருத்துகிற கை அது. அந்தக் கையே வலிக்கும் அளவுக்கு நான் பிடித்தும் அவருக்குப் போதவில்லை.

வெளிநோயாளர் பிரிவில் வரிசை வாசல் வரைக்கும் நின்றது. இலக்கத் துண்டு கொடுக்கிறவர் என் முகத்தைப் பார்த்ததும் எழுந்து எங்களை நேராக உள்ளே அனுப்பினார். வரிசையில் நின்ற ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

இளம் பெண் மருத்துவர். சிங்களத்தில்தான் பேசினார். எனக்கு அது சிரமமில்லை. நான் கண்டியில் ஒரு நீதிமன்றத்தில் தமிழ், சிங்கள மொழிபெயர்ப்பாளர். இருபது வருஷமாக மற்றவர்கள் சொல்வதை இந்த மொழியிலிருந்து அந்த மொழிக்கு மாற்றிச் சொல்வதுதான் என் பிழைப்பு.

கையைத் தூக்கச் சொன்னார், தூக்கினேன். காலால் தள்ளச் சொன்னார், தள்ளினேன்.

"இப்ப நெத்தியச் சுருக்குங்க. ஆச்சரியப்பட்ட மாதிரி."

இடது பக்கம் மட்டும் சுருங்கியது. அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது.

"இது மூளையில வந்த வாதம் மாதிரித் தெரியல்ல" என்றார். "மூளையில வந்தா வாய் கோணினாலும் பெரும்பாலும் நெத்தி சுருங்கும். நெத்திக்கு மூளையோட ரெண்டு பக்கத்துலருந்தும் கட்டளை வருது. உங்களுக்கு நெத்தியும் சேர்ந்து விழுந்திருக்கு. அப்படின்னா கோளாறு மூளையில இல்ல, முகத்துக்கு வர்ற நரம்புல."

அந்த நரம்பு காதுக்குப் பின்னால் எலும்புக்குள் ஒரு குறுகிய குழாய் வழியாக வருகிறதாம். அது வீங்கினால் விரிய இடமில்லாமல் நசுங்கிப்போகும். நரம்பு நசுங்கினால் அந்தப் பக்கத்து முகம் ஓய்ந்துவிடும். நாக்கின் முன்பக்கச் சுவையும் காதுச் சத்தத்தை அடக்கும் சின்னத் தசையும் அதே நரம்பின் கிளைகள். சம்பலின் உப்பும் பீங்கான் சத்தமும் எனக்கு அப்போதுதான் விளங்கின. ஏன் வீங்குகிறது என்று கேட்டேன். பழைய கிருமி ஏதாவது மறுபடி கிளம்பியிருக்கலாம், பலருக்குக் காரணம் தெரிவதே இல்லை என்றார். பஸ் ஜன்னல் காற்றுப் பட்டதால் என்று பிறகு எனக்குச் சொல்லாத ஆள் இல்லை.

"முதல் மூணு நாளைக்குள்ள ஸ்டீரோய்ட் தொடங்கினா நல்லா சுகமாகிற வாய்ப்பு கூட. நீங்க நேரத்துக்கு வந்திருக்கீங்க. ஆனா உங்களுக்குச் சீனி வருத்தம் இருக்கு. ஸ்டீரோய்ட் சீனிய ஏத்தும். அதனால வாட்டுல வச்சுப் பார்ப்போம்."

குழாய் திருத்துகிறவருக்குக் குழாய்க்குள் அடைப்பு என்றால் புரியும். வெளியே வந்ததும், "அம்புட்டுத்தானே புள்ள, வீக்கம் வத்துனா சரி" என்றார். சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

வாட்டில் எனக்கு ஜன்னலோரக் கட்டில். வலி இல்லை, காய்ச்சல் இல்லை. சும்மா இருக்கிற நேரத்தில் எனக்குள் ஒரு சோதனை நடத்தினேன். எந்தெந்த எழுத்து வருகிறது, எது வரவில்லை? க வந்தது. த வந்தது. ச, ர, ல எல்லாம் வந்தன. உதடு இரண்டும் ஒட்ட வேண்டிய எழுத்துகள்தான் வரவில்லை. ப-வுக்கு வாயோரம் காற்றுப் பிரிந்தது. ம மூக்கிலேயே நின்றது. 'உண்மை' என்று சொல்லிப் பார்த்தேன். 'பொய்' என்று சொல்லிப் பார்த்தேன். என் தொழிலில் இந்த இரண்டு சொல்லும் இல்லாமல் ஒரு நாள்கூடப் போகாது. இரண்டுக்கும் உதடு வேண்டும்.

இனி நீதிமன்றத்தில் எப்படி நிற்பேன்? சாட்சி சொன்னது ஒன்று, என் வாயிலிருந்து கேட்டது வேறொன்று என்றால் யாருடைய வாழ்க்கை கெடும்? போர்வையை முகம் வரை இழுத்துக்கொண்டேன். அழுதேன். வலது கண்ணில் எப்போதும் நீர் வடிந்துகொண்டே இருந்ததால் நான் அழுவது யாருக்கும் தெரியவில்லை. அது ஒரு வசதி.

இரண்டாம் நாள் பிற்பகல், தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு பெண்ணைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள். பெயர் மாரியாயி, என் வயதுதான் இருக்கும். வலது கையும் காலும் துவண்டு கிடந்தன, பேச்சு இல்லை. கூட ஒரு கொழுந்து பறிக்கிற பெண்ணும் வேன் ஓட்டிவந்த ஆளும் வந்திருந்தார்கள். வாட்டு மருத்துவர், இது எப்போது வந்தது என்று சிங்களத்தில் கேட்டார். வேன்காரர் தெரிந்த சிங்களத்தில், "காலையில" என்றார். மருத்துவர் முகம் வாடியது. அப்படியென்றால் நேரம் கடந்துவிட்டது என்று தாதியிடம் சொன்னார்.

வேன்காரர் வேனை ஒதுக்கி நிறுத்தப் போனதும், கூட வந்த பெண் தமிழில் சொல்லிக்கொண்டே இருந்தாள், வாட்டில் இருந்தவர்களுக்கு அது விளங்கவில்லை. "காலையில பெரட்டுக்கு வந்தா, மலைக்குப் போனா, பகல் கொழுந்து நிறுத்துக் கூடய எறக்குற வரைக்கும் எங்கூட பேசிக்கிட்டுத்தானே இருந்தா! சோத்த பெசஞ்சு வாயில வைக்கிறப்பதானே சாஞ்சுட்டா!"

பெரட்டு என்பது காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற நேரம். அது எனக்குத் தெரியும், நானும் ஒரு தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டில் பிறந்தவள். வேன்காரர் அவள் வேலைக்குப் போன நேரத்தைச் சொல்லியிருக்கிறார். அவள் விழுந்தது பகல் சாப்பாட்டு நேரத்தில், தோட்டத்தில் அது பன்னிரண்டரைக்குத்தான். வாட்டுச் சுவரில் மணி மூன்றே கால்.

யாராவது எடுத்துச் சொல்வார்கள் என்று பார்த்தேன். ஒருவரும் இல்லை. இந்த வாயை வைத்துக்கொண்டு நான் எப்படிச் சொல்வது? எழுந்து போனேன். விரலால் கீழுதட்டின் வலது ஓரத்தை மேலே தூக்கி மேலுதட்டோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன். "டொக்டர், பன்னிரண்டரைக்குப் பிறகு" என்று சிங்களத்தில் சொன்னேன். பன்னிரண்டரைக்குச் சிங்களத்தில் நடுவே ஒரு 'மா' வரும். முதல் தடவை அது உடைந்தது. மருத்துவர் புருவத்தைச் சுருக்கினார். மறுபடி உதட்டை அழுத்திச் சொன்னேன்.

"நிச்சயமா?"

நான் திரும்பி அந்தப் பெண்ணிடம் தமிழில் கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்து ஒரு நொடி மிரண்டாள். பிறகு, "சத்தியமாங்க, அவ கையால எனக்கு ஊறுகா வச்சா" என்றாள். அதையும் அப்படியே மாற்றிச் சொன்னேன். பகல் சாப்பாட்டில், அவள் தன் வலது கையால், இவளுக்கு ஊறுகாய் பரிமாறினாள்.

மருத்துவர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. தள்ளுவண்டி ஓட்டமாகப் படம் எடுக்கிற அறைக்குப் போனது. இரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசி ஒன்று இருக்கிறதாம், நாலரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டுமாம், போட்டார்கள் என்று பிறகு தாதி சொன்னார். மாரியாயி முழுக்கச் சுகமாகிவிட்டாள் என்று சொல்ல மாட்டேன். நான் வீடு போகிற நாளில் அவள் வலது கை விரல்களை மடக்கினாள். என் பெயரைக் கேட்கிற மாதிரி வாயை அசைத்தாள். "சரோஜா" என்றேன். நல்லவேளை, அதில் உதடு ஒட்டுகிற எழுத்து இல்லை.

வீடு போகும் முன் கண்ணைப் பார்த்துக்கொள்வது எப்படி என்று தாதி என் கணவருக்குப் பழக்கினார். இதை வாசிக்கிற யாருக்காவது இந்த நோய் வந்திருந்தால் இந்த ஒன்றை மறக்க வேண்டாம். முகம் கோணலாக இருப்பதைவிட, மூடாத கண்தான் ஆபத்து. இமைக்காத கண் காய்ந்து, விழியின் முன்பக்கக் கண்ணாடி புண்ணாகிவிடும். பகலில் மணிக்கொரு தடவை கண்ணீர் மாதிரியான சொட்டு மருந்து, தூங்கும்போது களிம்பு தடவி இமையை இறக்கிப் பிளாஸ்டர் ஒட்ட வேண்டும். இரும்புக் குழாயை முறுக்கிப் பழகிய அந்த விரல்கள் என் இமையை நுனியால் மட்டும் தொடும். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டுவார். ஒட்டியதும் பெருமூச்சு விடுவார். அந்த மூச்சு என் நெற்றியில் படும்.

வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள் என் நாத்தனார் ராஜேஸ்வரி அக்கா மாத்தளையிலிருந்து வந்தார். என்னைத் தங்கச்சியாகப் பார்க்கிறவர். தலை வாரிவிட்டார், கஞ்சியைக் கரண்டியால் இடது பக்கமாக ஊட்டினார். மாத்திரை உறையைக் கையில் எடுத்ததும் முகம் மாறியது.

"இது ஸ்டீரோய்ட் தானே? ஐயோ, இத சாப்பிட்டா ஒடம்பு பூசணிக்கா மாதிரி ஊதிரும். எலும்பு கரைஞ்சிரும். ஒனக்கு ஏற்கனவே சீனி. அக்குறணையில ஒரு ஹோமியோபதி டொக்டர் இருக்காரு. சீனி உருண்டை மாதிரி மாத்திரைதான், ஒரு கெடுதலும் இல்ல. எங்க பக்கத்து வீட்டுக்காரருக்கு இதே மொகவாதத்த அவருதான் சரியாக்குனாரு."

அன்று காலை என் சீனி ஏறித்தான் இருந்தது. தூக்கம் வராமல் படபடவென்று இருந்தது. அக்கா சொன்னதை நம்ப நான் தயாராக இருந்தேன் என்பதுதான் உண்மை. அடுத்த இரண்டு நாள் மாத்திரையைச் சாப்பிட்ட மாதிரி காட்டி அலுமாரிக்குள் போட்டுவிட்டேன். கணவரிடம் சொல்லவில்லை. அவரிடம் நான் மறைத்த காரியங்கள் அதிகமில்லை. இது அவற்றில் ஒன்று.

மூன்றாம் நாள் மூவரும் அக்குறணைக்கு பஸ் ஏறினோம். கடைவீதிக்குப் பின்னால் ஒரு சின்ன வீட்டின் முன்னறைதான் மருந்தகம். அலுமாரி நிறையத் தவிட்டு நிறப் போத்தல்கள். அறுபது கடந்த மருத்துவர், தொப்பி போட்டிருந்தார்.

"வாங்க மகள், இரிங்க. எத்தின நாள் ஈக்கிது இப்பிடி?"

ஆஸ்பத்திரி அட்டையை முழுக்க வாசித்தார். பிறகு கேள்விகள். ஒரு மணித்தியாலத்துக்குக் குறையாது. குளிரில் கூடுதா, வெயிலில் கூடுதா? தண்ணி விடாய் எப்படி? எந்தப் பக்கமாகத் தூங்குவீர்கள்? புளிப்புப் பிடிக்குமா? ஏன் இதெல்லாம் என்று என் கணவர் கேட்டார். அவருக்குப் பொறுமை போயிருந்தது.

"எங்கட முறையில நோய்க்கு மட்டும் மருந்து பாக்கிறல்ல" என்றார் மருத்துவர். "ஆளுக்கும் சேத்துத்தான் பாக்கிற. எந்தப் பொருள் சுகமான மனிசனுக்கு இந்த மாதிரி வருத்தத்த உண்டாக்குமோ, அதையே கரைச்சுக் கரைச்சு, மிச்சம் ஈக்கிதோ இல்லையோ எண்ட அளவுக்குக் கொறைச்சுக் குடுக்கிற. குளிர் காத்துப் பட்டு திடீரெண்டு வந்தா ஒரு மருந்து. வலப் பக்கம் விழுந்து, ஆள் அழுகையாவும் ஈந்தா இன்னொரு மருந்து."

பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "இது வர முந்தி, மனசுக்கு ஏதும் நடந்ததா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் அந்த வாரம் நீதிமன்றத்தில் நடந்ததைச் சொன்னேன். தண்ணீரில் மூழ்கிப்போன ஐந்து வயதுப் பிள்ளையின் தாய் சாட்சி சொன்னாள். மொழிபெயர்ப்பாளர் 'அவள் சொல்கிறாள்' என்று சொல்லக்கூடாது, 'நான்' என்றே சொல்ல வேண்டும். நான் என் பிள்ளையைத் தேடினேன், நான் அவன் செருப்பைக் கண்டேன் என்று இரண்டு மணித்தியாலம் சொன்னேன். அவள் அழுதாள். நான் அழக்கூடாது, குரல் உடைந்தால் சொல் உடைந்துவிடும். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதையும் சொன்னேன். கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று வரை இதை யாரிடமும் சொன்னதில்லை, யாரும் கேட்டதுமில்லை.

மருத்துவர் எழுதுவதை நிறுத்தினார். பிறகு, "ஆஸ்பத்திரி மருந்த ஒழுங்காக் குடிக்கிறீங்க தானே?" என்றார்.

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா கூரையைப் பார்த்தார்.

"ரெண்டு நாளா நிப்பாட்டிட்டேன்."

அவர் பேனையை மூடி வைத்தார். கோபப்படவில்லை, ஆனால் குரல் மாறியது.

"நான் செல்றத கேளுங்க மகள். அது நரம்புட வீக்கத்த வத்த வைக்கிற மருந்து. இந்த முதல் நாட்கள் போனா திரும்பி வராது. என்ட மருந்து அதுக்குப் பதிலில்ல. இண்டைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய், நிப்பாட்டின நாளையும் மறைக்காமச் செல்லுங்க. அவங்க செல்ற மாதிரிச் செய்யுங்க. அதுக்குப் பொறகு வாங்க, நான் எங்கயும் ஓட மாட்டேன்."

பஸ்ஸில் அக்கா விம்மி விம்மி அழுதார். "நான்தான் புத்தி கெட்டுப்போய்ச் சொன்னேன்" என்றார். கணவர் ஆஸ்பத்திரி வாசலில் நின்று, "எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வாட்டு மருத்துவர் சீனிக்கான மாத்திரையைக் கூட்டி, ஸ்டீரோய்டை மறுபடி தொடங்கினார். ஹோமியோபதி பற்றியும் கேட்டேன். "அது இந்த நோயைச் சுகமாக்குதுன்னு எங்களுக்கு ஆதாரம் இல்ல" என்றார். "பெரும்பாலான ஆட்களுக்கு இது சில கிழமையிலருந்து சில மாசத்துல தானாகவே திரும்பி வரும். அதனால யார் என்ன குடுத்தாலும் அவங்க சுகமாக்கின மாதிரித்தான் தெரியும். குடிக்கிறதா இருந்தா குடிங்க, ஆனா எங்களோடத நிறுத்தாதீங்க, எங்களுக்கு மறைக்காதீங்க." அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. என் தொழிலில் ஆதாரம் என்ற சொல்லுக்கு ஒரு மரியாதை உண்டு.

ஆனாலும் அக்குறணைக்குப் போவதை நிறுத்தவில்லை. இரண்டு கிழமைக்கொரு தடவை போனேன். அந்த உருண்டைகளை நாக்கில் கரைய விட்டேன். உருண்டை என்ன செய்தது என்று எனக்குத் தெரியாது. அந்தக் கதிரையில் உட்கார்ந்து ஒரு மணித்தியாலம் என்னைப் பற்றி நானே பேசியது எனக்கு வேண்டியிருந்தது. அது மட்டும் தெரியும்.

முதல் மூன்று கிழமை ஒன்றும் அசையவில்லை. பிசியோ பழக்கிய பயிற்சிகளைக் கண்ணாடி முன் நின்று மெதுவாகச் செய்ய வேண்டும். புருவத்தைத் தூக்கு, மூக்கைச் சுளி, உதட்டைக் குவி. தனியாகச் செய்ய எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் வேலைக்குப் போகும் முன் பக்கத்தில் வந்து நிற்பார். காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, மீசைக்குக் கீழே உதட்டைக் குவித்து, கண்ணாடிக்குக் கொஞ்சம் அழகு காட்டுவார். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்திருக்கும். அவருக்கு அதைப் பற்றிக் கவலையில்லை.

நான்காம் வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவர் பருப்பில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டார். எனக்கு நாக்கில் சுவை திரும்பிக்கொண்டிருந்த நேரம். ஒரு மாசத்துக்குப் பிறகு ஆசையாக உட்கார்ந்த சாப்பாடு அது.

"ஒரு தரம் போட்டா ஞாபகம் இருக்காதா? ருசி பார்க்கத் தெரியாதா?" என்று எரிந்து விழுந்தேன்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு மாதிரியான சிரிப்பு.

"என்ன சிரிப்பு?"

"மூக்கு ஆடுது புள்ள! வலது பக்கம்! இன்னொருக்கா திட்டு!"

கண்ணாடிக்கு ஓடினோம். திட்ட முயன்றேன், கோபம் வரவில்லை. "எங்கம்மாவப் பத்தி நெனைச்சுக்க" என்றார். என் மாமியார் செத்துப் பத்து வருஷம். இருந்தாலும் நினைத்தேன். மூக்கின் வலது ஓரம் நூலால் இழுத்ததுபோல் ஒரு துளி அசைந்தது. அன்று உப்புக் கரித்த அந்தப் பருப்பை இரண்டு பேரும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டோம்.

அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. முதலில் கன்னம், பிறகு கண், கடைசியாக உதடு. பத்தாம் கிழமை 'அம்மா' என்று சொன்னேன், முழுதாக. மூன்று மாதத்தில் வேலைக்குத் திரும்பினேன். எல்லாம் பழையபடி ஆகவில்லை. சிரித்தால் வலது கண் கொஞ்சம் இடுங்கும். சாப்பிடும்போது அந்தக் கண்ணில் நீர் வரும். திரும்ப வளர்ந்த நரம்பு சில இடங்களில் வழி தவறிப் போய்ச் சேர்ந்திருக்கிறதாம். இனி அது அப்படித்தான்.

வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு ஒரு சனிக்கிழமை, அக்குறணை மருத்துவருக்கு முகத்தைக் காட்டிவிட்டு வரலாம் என்று போனேன். அவர் என்னைக் கண்ணாடிக்கு முன்னால் நிறுத்திப் பார்த்து, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். "என்ட மருந்துதான் செஞ்சது எண்டு நான் செல்ல மாட்டேன். நீங்களும் செல்ல வேணாம்" என்றும் சொன்னார்.

அப்போது ஒரு பெண் உள்ளே வந்தாள். முப்பது வயதிருக்கும். முக்காட்டை இழுத்து வாயை மூடியிருந்தாள். கதிரையில் உட்கார்ந்ததும் அதை விலக்கினாள். நான் எழுந்துவிட்டேன்.

"எப்ப வந்தது?" நானும் மருத்துவரும் ஒரே நேரத்தில் கேட்டோம்.

"நேத்து சுபஹு தொழுகைக்கு எழும்பக்கொள்ள" என்றாள். "ஆஸ்பத்திரிக்குப் போகப் பயமா ஈக்கிது. அதான் இங்க வந்த."

மருத்துவர் நெற்றியைச் சுருக்கச் சொன்னார். கையைத் தூக்கச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் கேட்காமலே, "நான் கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

அவள் பெயர் றிஸானா. பக்கத்துத் துணிக்கடையில் வேலை. தம்பிக்குத் தகவல் சொல்லிவிட்டு என்னோடு பஸ் ஏறினாள். நான் நரம்பைப் பற்றிச் சொன்னேன், குழாயைப் பற்றிச் சொன்னேன், கண்ணுக்குச் சொட்டு மருந்து வாங்குகிற இடம் சொன்னேன். மாத்திரையை மறைத்து வைத்த கதையையும் சொன்னேன். கட்டாயம் முழுக்கச் சரியாகிவிடும் என்று மட்டும் சொல்லவில்லை. அதை அவளுக்கு நான் எப்படிச் சத்தியம் செய்ய முடியும்? பெரும்பாலானவர்களுக்குச் சரியாகிறது, நாம் நேரத்தோடு போகிறோம் என்றேன்.

"எனக்கு மொகத்த மூடிக்க ஏலும்" என்றாள் றிஸானா. "நீங்க என்ன செஞ்ச?"

"கைலேஞ்சித் துணி வச்சு மூடிக்கிட்டேன். எல்லாரும் சளி புடிச்சிருக்குன்னு நெனைச்சாங்க."

அவள் பாதி முகத்தால் சிரித்தாள். சிரித்ததும் வெட்கப்பட்டு முக்காட்டை இழுத்தாள்.

வெளிநோயாளர் பிரிவில் துண்டு எடுத்துவிட்டு நீள மர வாங்கில் உட்கார்ந்திருந்தோம். அவள் என் முகத்தை வெளிச்சத்தில் ஒரு தரம், நிழலில் ஒரு தரம் பார்த்தாள். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் என் பக்கத்தில் இருந்திருக்கிறாள், நேருக்கு நேர் பேசியிருக்கிறாள்.

"கேக்கிறேனெண்டு கோவிக்க வேணாம்" என்றாள். "ஒங்களுக்கு எந்தப் பக்கம் விழுந்த?"

முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினேன். "நீங்களே சொல்லுங்க பார்க்கலாம்" என்றேன்.

அவள் மூடாத ஒரு கண்ணும் மூடுகிற ஒரு கண்ணுமாக என்னை வெகுநேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு கையை நீட்டி, என் இடது கன்னத்தைத் தொட்டாள்.